எருக்கலஞ் செடியும் ஒரு கமராவும்

களுதாவளைச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கிக் கடற்பக்கமாகச் செல்லும் மணற்பாதையில், சென்ற ஆவணி மாதத்துக் காலைகளிலே ஒரு விநோதக் காட்சியைச் சிலர் கண்டிருப்பர். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு கல்லூரி ஆசிரியர், இரு முழங்கால்களையும் மணலிலூன்றி, எருக்கலஞ் செடியொன்றின் முன்னே மூச்சையும் அடக்கிக்கொண்டு அசையாதிருந்தார். சைக்கிளிற் சென்ற ஒருவர், "என்ன சேர், ஏதும் விழுந்துபோச்சா?" என்று கேட்டுத் தாமும் தேடுவதற்கு இறங்கியே விட்டார். பூக்கூடையோடு வந்த ஓர் அம்மையார் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "பிள்ளையார் கோயில் அங்கால இருக்கு, தம்பி" என்று இரக்கத்தோடு கூறிச் சென்றார். அந்த ஆசிரியர் நான்தான் என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். நான் தேடியது மோதிரமுமன்று, வணங்கியது செடியையுமன்று. ஓர் இலையின் அடிப்புறத்திலே ஒரு புழு தன் பழைய தோலைக் கழற்றிக்கொண்டிருந்தது. அதனைப் படம் பிடிக்கும் முயற்சியில் இருந்தேன்.

மணமுடித்த ஆடவன் மனைவியின் ஊருக்குச் சென்று குடிபுகுதல் மட்டக்களப்பின் பழைய வழக்கம். தாய்வழிக் குடிமுறை நிலவும் நாட்டில் அதுவே இயல்பு. அந்த வழக்கத்தின் பயனாகவே களுதாவளை எனக்கும் ஊராயிற்று. தொழில் நிமித்தம் வேறிடத்தில் வசித்தாலும், விடுமுறை வந்ததும் மாமியார் வீட்டுக்குப் பெட்டியைக் கட்டுவோம். அந்தப் பயணமே ஓர் இன்பம். 1924ஆம் ஆண்டிலே கட்டப்பட்ட கல்லடிப் பழைய பாலம் வாவியின்மேல் அருகே தெரிய, பஸ் புதிய பாலத்தைக் கடந்து தெற்கே திரும்பும். காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு என்று ஊர்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தாற்போல வரும். இடப்புறம் கடல், வலப்புறம் வாவி. இரண்டும் எப்பொழுதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் இரண்டும் அருகிலுண்டு என்பதைக் காற்றின் உப்புச் சுவையே உணர்த்திக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவி, நாட்டை இரண்டாகப் பிரிக்கின்றது. சூரியன் எழுகின்ற இப்புறம் எழுவான்கரை. அவன் சென்று மறைகின்ற அப்புறம் படுவான்கரை. இவ்வளவு எளிமையும் அழகும் வாய்ந்த ஊர்ப்பெயர் உலகில் வேறெங்கேனும் உண்டோ, நான் அறியேன்.

களுதாவளை எழுவான்கரையைச் சேர்ந்தது. அயலூரார் இவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் இரண்டை நினைப்பர். ஒன்று, சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயில், மற்றது, வெற்றிலை. தூய மணற்பாங்கான நிலம். பார்த்தால் ஒன்றும் விளையாது என்றே தோன்றும். ஆனால், ஆழமில்லாக் கிணறுகளிலே நன்னீர் ஊறுகின்றது. அந்த நீரையும் எருவையும் தம் உடலுழைப்பையும் ஊற்றி, வெற்றிலையும் வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் பாகலும் விளைவித்துவிட்ட மக்கள் இவர்கள். கொழுகொம்புகளில் ஏறிய வெற்றிலைக் கொடிகளுக்கிடையே நண்பகலிலும் ஓர் ஈரக்குளிர்ச்சி தங்கியிருக்கும். வெளியே மணல் கொதிக்கும்போது உள்ளே தரை நனைந்திருக்கும். பூச்சிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பூச்சியைப் படம் பிடிக்கும் ஆசை எனக்கு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மாணவன் ஒருவன் வகுப்பிலே, "சேர், வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தமிழிலே தனித்தனிப் பெயர் இல்லையா?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. நம்மூரில் எல்லாவற்றுக்கும் வண்ணாத்திப்பூச்சி என்ற ஒரே பெயர்தான். இலங்கையிலே 250க்குச் சற்றுக் குறைவான வண்ணத்துப்பூச்சியினங்கள் உண்டு. அவற்றையெல்லாம் ஒரே பெயரால் அழைப்பது, ஒரு பாடசாலைப் பிள்ளைகள் அனைவரையும் "அடே தம்பி" என்று அழைப்பதை ஒக்கும். பின்னர்தான், தமிழ்நாட்டு இயற்கை ஆர்வலர்கள் அண்மைக் காலத்தில் நல்ல தமிழ்ப் பெயர்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருப்பதை அறிந்தேன். வெந்தய வரியன், நீல வரியன், எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி - இவற்றைச் சொல்லும்போதே பூச்சி கண்முன் பறக்கவில்லையா? தமிழ்நாட்டரசு 2019ஆம் ஆண்டிலே "தமிழ் மறவன்" என்னும் இனத்தை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அது மலைக்காடுகளை விரும்புவது. களுதாவளை மணலில் அதனை எதிர்பார்த்தல் வீண். நமக்கு வாய்த்தது வெந்தய வரியன். எனக்கு அதுவே போதும்.

வெந்தய வரியனின் வீடு எருக்கலஞ் செடி. ஆடு தின்னாத, மாடு தீண்டாத, வேலியோரத்தில் யாரும் நீரூற்றாமலே தழைக்கும் அந்தச் செடியிலே, தாய்ப்பூச்சி இலைக்கு ஒன்றாக முட்டை இடும். குண்டூசித் தலையினும் சிறியது, வெண்மையானது. அதிலிருந்து வெளிவரும் குடம்பி முதலில் தன் முட்டையோட்டையே தின்றுவிட்டுப் பின்னர் இலையைத் தொடங்கும். வளர்ந்த குடம்பியைப் பார்த்தால், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக யாரோ நுணுக்கமாக வளையல் அடுக்கிவிட்டாற்போல இருக்கும். முதுகிலே மூன்று சோடிக் கரிய தந்துகள். எருக்கலம்பாலின் நஞ்சு அதற்கு உணவோடு சேர்ந்த காவல். அந்நஞ்சை உடலிற் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதனை வெறுக்கின்றன. அதனாலேயே வெந்தய வரியன் அவசரமில்லாமற் பறக்கும். பகைவன் இல்லாத செல்வர் வீதியுலா வருவதுபோன்ற அந்த நடை, படம் பிடிப்பவனுக்குப் பெருவரம்.

கமராவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும்; மாணவர்கள் இதைத்தான் முதலிற் கேட்பர். என்னிடமுள்ளது ஒருவர் பாவித்துக் கைமாறிய கமராவும், அண்மைப் பொருள்களைப் பெரிதாகக் காட்டும் ஒரு வில்லையுமே. இவையும் இன்றியமையாதனவல்ல. கைத்தொலைபேசியின் கண்ணுக்கு முன்னால் ஒரு நல்ல பூதக்கண்ணாடியைச் சேர்த்துப் பிடித்தாலே எறும்பின் தாடை தெரியும். என் மகள் அப்படி எடுத்த படமொன்று, என் படங்கள் பலவற்றை வெட்கப்படச் செய்கின்றது. இடர் கருவியில் இல்லை. பொருளை நெருங்க நெருங்கப் படத்திலே தெளிவாக விழும் ஆழம் குறைந்துகொண்டே போகும். சிறு பூச்சியொன்றைச் சட்டம் நிறைய எடுக்கும்போது அந்த ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீற்றரே. கண் தெளிந்தால் சிறகு மங்கும். சிறகு தெளிந்தால் கண் மங்கும். ஒளித்துவாரத்தை 11 அளவுக்குச் சுருக்கினால் ஆழம் சற்றுக் கூடும். ஆனால், வெளிச்சம் குறையும். வெளிச்சத்துக்காகக் கதவை நெடுநேரம் திறந்தால், மூச்சுக் காற்றிலே இலை ஆடிவிடும். ஆகவே, பூச்சியின் சிறகுத்தளத்துக்கு நேரே கமராவை இணையாகப் பிடித்தல்தான் பாதி வித்தை. மற்றப் பாதி, விடியற்காலையில் எழும்புதல்.

பூச்சிகளிற் பெரும்பாலானவை தம் உடற்சூட்டுக்கு வெயிலையே நம்பியிருப்பவை. இரவுக் குளிர்ச்சியிலே தூங்கிய பூச்சி, வெயில் ஏறும்வரை இலையிலே மரத்துக் கிடக்கும். தும்பியின் கூட்டுக்கண்ணில் பனித்துளிகள் கோத்து நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவையெல்லாம் காலை ஆறு மணியின் கொடை. ஆவணியிலே எட்டரை மணிக்குள் கச்சான் காற்று எழுந்துவிடும். அதன்பிறகு கமராவைப் பையில் வைப்பதே அறிவுடைமை. சிலர் பூச்சியைப் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து விறைக்கச் செய்து படம் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். அது படம் பிடித்தலன்று. ஒரு நோயாளியைக் கட்டி வைத்து, அவர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லுதல் போன்றது.

நம் நாட்டுச் சட்டமும் இதிலே கண்டிப்பானது. 2020ஆம் ஆண்டிலே யால தேசியப் பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைச் சாடிகளிற் சேகரித்த இத்தாலியர் இருவர் பிடிபட்டனர். 2024இல் நீதிமன்றம் ஆறு கோடி ரூபா தண்டம் விதித்தது. ஆறு கோடி! பூச்சிதானே என்று சொல்வோர் இத்தொகையை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்.

ஒருகாலத்தில் பூச்சியை ஆராய்தல் என்றாலே பிடித்து ஊசியிற் குத்துதல் என்றிருந்தது. அந்தக் காலத்துச் சேகரிப்புகளின்றி நம் அறிவும் இல்லை என்பதை மறுக்க முடியாது. பிரெடெரிக் மூர் என்பார் 1880 முதல் 1887 வரை மூன்று பெருந்தொகுதிகளாக வெளியிட்ட "இலங்கையின் செதிற்சிறகிகள்" என்னும் நூலின் வண்ணப் படங்களுக்கு மூலமாயின, பேராதனைப் பூங்காவின் ஓவியர் ஆர்மானிஸ் த அல்விஸின் மைந்தர்கள் வரைந்த சித்திரங்கள். உயிருள்ள குடம்பியை அதன் செடியோடு வைத்து வரைந்த சித்திரங்கள் அவற்றுட் பல. அதற்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளின் முன்னரே, மரியா சிபில்லா மெரியன் என்னும் பெண்மணி 1699இல் தென்னமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறிச் சென்று, முட்டை, புழு, கூடு, சிறகு ஆகிய நான்கையும் ஒரே செடியின்மேல் வரைந்து 1705இல் நூலாக்கினார். நம்மவரைச் சொல்வதானால், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். 1912 முதல் 1996 வரை வாழ்ந்த அவர், பல பாகங்களைத் தாமே பொருத்திச் செய்த கமராவோடு காடுகளில் அலைந்து, யானையையும் பறவையையும் கறுப்பு வெள்ளையிலே பதிந்தவர், தமிழிலும் எழுதியவர். படம் பிடித்தவர் எழுதவும் வல்லவராயிருத்தல் அரிது. எழுதுபவன் படம் பிடிக்க முயல்வதோ மலிவு, நானே சான்று.

கறிவேப்பிலை அழகியின் கதையை இங்கு சொல்லாமல் விட முடியாது. மாமியாரின் கிணற்றடியிலே ஒரு கறிவேப்பிலை மரம். அதிலே பறவையின் எச்சம்போலத் தோன்றும் சிறு புழுக்களை அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிவது வழக்கம். அவற்றை நான் காக்க முற்பட்டபோது, "மருமகனுக்குப் புழுவிலே உள்ள இரக்கம் என்ர ரசத்திலே இல்லை" என்று என் மனைவியிடம் முறையிட்டாராம். அந்தப் புழுக்களிலிருந்து வரும் ஆண்பூச்சி எல்லாம் ஒரே தோற்றம்: கரிய சிறகிலே வெள்ளைப் பட்டை. பெண்ணோ மூவகை வேடம் கொள்ளும். ஒருவகை ஆணைப் போன்றது. மற்ற இருவகையும், ஆடுதின்னாப்பாளையைத் தின்று நஞ்சேறிய வேறிரண்டு இனங்களைச் சிவப்புப் புள்ளிக்குப் புள்ளி ஒத்திருக்கும். நஞ்சில்லாத பூச்சி நஞ்சுள்ளதன் உடையை அணிந்து பறவையை ஏமாற்றுகின்றது. அமேசன் காடுகளிலே பல்லாண்டு அலைந்த பேற்ஸ் என்னும் ஆங்கிலேயர் இந்த ஒப்பனையை 1862இல் உலகுக்கு விளக்கினார். உடலைப் பார்த்தால் வேடம் கலைந்துவிடும்: நஞ்சுள்ளதன் உடல் சிவப்பு, வேடதாரியின் உடல் கறுப்பு. பறக்கும்போது இதைக் காண்பது அரிது, படத்திலே எளிது. இதனை விளக்கிய பின்னர், மாமியார் மரத்தின் வடபுறக் கிளையைப் புழுக்களுக்கென ஒதுக்கித் தந்தார். ரசத்துக்குத் தென்புறக் கிளை.

பகற்காட்சி இவ்வாறாக, இரவுக்காட்சி வேறு. நிலவில்லாத, மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவிலே வளவின் பின்புறம் என் வெள்ளை வேட்டியைக் கொடியிற் கட்டி, அதன் முன் ஒரு மின்குமிழை எரியவிட்டால் போதும். விருந்தினர் தாமாக வருவர். முதலில் ஈசல், பின்பு வயற்பக்கத்துப் பச்சைத் தத்திகள், பிறகு, கல்லெறிந்தாற்போல வேட்டியில் வந்து மோதும் தென்னங் கருவண்டு. பத்து மணியளவில் அந்துக்கள் தொடங்கும். மரப்பட்டை போன்றவை, காய்ந்த இலை போன்றவை, உடைந்த சுள்ளி போன்றவை - ஒன்றுமில்லாததுபோல இருப்பதிலேதான் எத்தனை வகை! தொல்காப்பிய மரபியல் தும்பியை நான்கறிவு உயிரென வகுத்து, செவியறிவை அதற்குக் கொடுக்கவில்லை. பழந்தமிழிலே தும்பி என்றது வண்டினத்தை. நாம் இன்று தும்பி என்பது வேறொன்று. ஆனால், வேட்டியில் அமரும் அந்துக்களிற் பலவற்றுக்குச் செவியுண்டு. வௌவால் எழுப்பும், நமக்குக் கேளாத ஒலியையும் கேட்டுச் சட்டென்று கீழே விழுந்து தப்பும். இதைத் தொல்காப்பியர் அறிந்திருந்தால் ஐந்தறிவிலே சேர்த்திருப்பார் என்று வகுப்பிலே நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஓரிரவு, முதுகிலே மண்டையோட்டைப் பொறித்தாற்போன்ற குறியுடைய பெரிய அந்து ஒன்று வந்தமர்ந்தது. விரலால் மெல்லத் தொட்டதும் "கீச்" என்று கத்தியது. கதவோரம் நின்ற மாமியார் உள்ளே போய்த் திருநீற்றோடு திரும்பி வந்தார். அது தேன்கூட்டினுட் புகுந்து தேன் திருடும் இனம்; அதன் குடம்பி எள்ளிலும் கத்தரியிலும் வளர்வது; மனிதருக்கு ஒரு தீங்கும் செய்யாதது. எல்லாம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, எனக்குத் திருநீறு பூசிவிட்டே உறங்கச் சென்றார்.

கத்தரி என்றதும் என் மனைவியின் தாய்மாமன் நினைவுக்கு வருகிறார். வாழ்நாள் முழுவதும் தோட்டத்திலே கழித்தவர். எனக்கும் அவர் மாமாதான். முதலில் என் கமராவை அவர் மதிக்கவில்லை. "பூச்சியைப் படம் எடுத்து என்ன மருமகன்? அதுக்கு மருந்தெண்டால் சொல்லுங்க" என்பார். கத்தரியின் நுனித்தண்டு வாடித் தொங்கும். காயை அறுத்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு. மருந்தடித்து மருந்தடித்து அவருடைய கைவிரல் நகங்களே கறுத்துவிட்டன. 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் ஒரே நாளில் நிறுத்துவதுபோல நிறுத்தி, அவ்வாண்டின் இறுதிக்குள் மீண்டும் அனுமதித்தது. அந்த மாதங்களில் மாமா பட்ட பாட்டை நேரிலே கண்டவன் நான். மாற்றுவழியைக் கற்பிக்காமல் மருந்தைப் பறிப்பது, நீந்தத் தெரியாதவனிடமிருந்து கட்டையைப் பறிப்பதாகும். மருந்தை வெறுக்கும் என்னாலும் அன்று அவருக்கு ஒரு வழி சொல்ல முடியவில்லை.

வேட்டி கட்டிய ஓரிரவிலே, நகத்தளவேயான ஒரு வெள்ளை அந்து வந்தது. சிறகிலே கபிலமும் இளஞ்சிவப்புமான திட்டுகள். படத்தைப் பெரிதாக்கி நூல்களோடு ஒப்பிட்டபோது அதுவே கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவின் தாய் என்று தெரிந்தது. மறுநாட் காலை மாமாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா இவருக்குத்தான் மருந்தடிச்சிருக்கிறன். ஆளை இண்டைக்குத்தான் கண்டன்" என்றார்.

அந்து இரவிலே முட்டையிடுகின்றது. பொரித்த புழு சில மணி நேரத்துக்குள் தண்டினுள்ளோ காயினுள்ளோ நுழைந்துவிடுகின்றது. உள்ளே போனபின் அடிக்கும் மருந்து புழுவைத் தொடுவதில்லை, தேனீயையே தொடுகின்றது. வாடிய நுனிகளை வாரந்தோறும் வெட்டி எரிப்பதும், பெண் அந்துவின் மணத்தைக் காட்டி ஆணை வரவழைக்கும் பொறிகளை வைப்பதும் விவசாய அறிஞர்கள் கூறும் வழிகள். மாமா நுனி வெட்டத் தொடங்கினார். மருந்தை அடியோடு விட்டாரா என்றால், இல்லை. முன்பு கிழமைக்கு இருமுறை அடித்தவர் இப்போது வாடலைக் கண்டால் மட்டும் அடிக்கிறார். பக்கத்துப் பாகற்பந்தலிலே தேனீக்கள் முன்னிலும் கூடுதலாகத் தெரிவதாக எனக்குத் தோன்றுகிறது. இது என் ஆசையாகவும் இருக்கலாம்.

இனி, தொடக்கத்திற் சொன்ன எருக்கலஞ் செடிக்குத் திரும்புவோம். தோல் கழற்றிய அந்தப் புழுவை ஒன்பது நாள் தொடர்ந்து படம் எடுத்தேன். கடைசியாக அது ஓர் இலையின் அடியிலே தலைகீழாகத் தொங்கி, பச்சைநிறக் கூட்டுப்புழுவாயிற்று. அதன் மேலே பொற்றுளிகள் போன்ற புள்ளிகள். தட்டாரும் அவ்வளவு நுட்பமாக வைக்கமாட்டார். சிறகு வெளிப்படும் கணத்தைப் பிடிக்க வேண்டுமென்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இடையிலே விநாயக சதுர்த்தி வந்தது. பிள்ளையார் ஊரிலே சதுர்த்தியன்று எருக்கலம்பூவுக்கு இருக்கும் மதிப்பை நான் மறந்துபோனது என் தவறு.

விடியுமுன்னே நான் போனபோது, பன்னிரண்டு வயதுப் பையனொருவன் கூடை நிறையப் பூவோடு நின்றான். கிளை முறிந்து கிடந்தது. என் கண் சென்ற இடத்தை அவனும் பார்த்தான். கூட்டுப்புழு தொங்கிய இலை மணலிற் கிடந்தது. "தெரியாமல் முறிச்சுப்போட்டன் சேர்" என்றான். கோபம் வந்தது உண்மை. ஆனால், சாமிக்குப் பூப்பறிக்கும் பிள்ளையிடம் எப்படிக் கோபிப்பது? இலைக்காம்பை நூலிற் கட்டி ஒரு போத்தலினுள்ளே தொங்கவிட்டு, வாயை வலைத்துணியால் மூடி அவனிடமே கொடுத்தேன். "இன்னும் ஐந்து நாளில் வண்ணத்துப்பூச்சி வரும், வந்ததும் என்னைக் கூப்பிடு" என்றேன். "கட்டாயம் வருமா சேர்?" என்று கேட்டான். "கட்டாயம் வரும்" என்றேன். ஆசிரியத் தொழிலிலே இருபதாண்டைக் கழித்தவன் அந்த முதற்சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது.

அவன் தன் தோழர் அனைவருக்கும் செய்தி சொல்லிவிட்டான். ஐந்தாம் நாள் மாலை, நாலைந்து சிறுவர் புடைசூழப் படலையடியில் வந்து நின்றான். போத்தலை நீட்டினான். பச்சைக் கூடு கபிலமாகிச் சுருங்கியிருந்தது. அடியிலே வெண்ணிறப் புழுக்கள் இரண்டு நெளிந்தன. "புழுத்துப் போச்சு சேர். நான் முறிச்சதாலதான்" என்றான். அழவில்லை. ஆனால், அன்று சதுர்த்தியிலே தான் சாமிக்குப் பறித்த பூவால் ஓருயிர் போயிற்று என்று அவன் நம்பியிருந்தது முகத்திலே எழுதியிருந்தது. தோழரில் ஒருவன் "பாவம் பிடிக்கும்" என்று வேறு சொல்லி வைத்திருக்கிறான்.

கூட்டுப்புழு விழுந்ததனால் இறந்திருக்கலாம் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். எனினும், அந்த வெண்புழுக்கள் எப்படி வந்தன? அவர்களை உள்ளே அழைத்து, மடிக்கணினியிலே ஒன்பது நாட் படங்களையும் வரிசையாகத் திறந்தேன். ஆறாம் நாட் படம். புழுவின் தலைக்குப் பின்னே, கறுப்பு வளையத்தின்மேல் இரண்டு வெண்புள்ளிகள். எடுத்த அன்றே நான் அவற்றைக் கண்டிருந்தேன். எருக்கலம்பால் சிந்திக் காய்ந்தது என்று எண்ணி விட்டுவிட்டேன். இப்பொழுது பெரிதாக்கிப் பார்த்தால், அவை நீள்வட்டமாக, ஓரம் தெளிந்து, தோலோடு ஒட்டியிருந்தன. பால் அன்று, முட்டைகள். மயிர் நிறைந்த ஒருவகை ஈ, உயிரோடிருக்கும் குடம்பியின் தோலில் முட்டை ஒட்டிவிட்டுப் போகும். பட்டுப்புழு வளர்ப்போரை அழவைக்கும் ஊசி ஈயும் இந்தக் குலத்ததே. பொரித்த ஈப்புழு குடம்பியினுட் புகுந்து, அது கூடு கட்டும்வரை பொறுத்திருந்து, பின்னர் உள்ளேயே தின்று முடித்துவிட்டு வெளியே வரும்.

படத்தின் கீழே தேதி இருந்தது. சதுர்த்திக்கு ஏழு நாள் முந்திய தேதி. பையன் அதை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். "அப்ப, நான் முறிக்கிறதுக்கு முதலே அது முடிஞ்சுதா?" என்றான். "ஆம், நீ கூடை எடுக்குமுன்னே முடிந்தது. கட்டாயம் வரும் என்று சொன்ன நான்தான் பிழைவிட்டேன், படத்திலே இருந்ததை நானே பார்க்கவில்லை" என்றேன். பாவம் பிடிக்கும் என்று சொன்ன தோழன் மெல்ல நழுவி முற்றத்துக் குழியானைகளோடு விளையாடப் போய்விட்டான்.

வெண்புழுக்கள் இரண்டையும் ஈரமணலில் விட்டோம். மறுநாளே அவை கபிலநிற மணிகளாயின. பன்னிரண்டாம் நாட் காலை, வகுப்புக்குப் போகும் வழியிலே பையன் ஓடிவந்தான். போத்தலின் வலைத்துணியிலே, சாம்பல் நிறமான ஓர் ஈ, முள்போன்ற மயிரோடு, செங்கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது. வண்ணத்துப்பூச்சிக்கென ஆயத்தப்படுத்தியிருந்த கமரா ஈயை எடுத்தது. நான் இதுவரை எடுத்த படங்களிலே கண் முதல் கால்வரை முற்றிலும் தெளிவாக விழுந்த படம் அது ஒன்றுதான்.

இப்பொழுது மாரி நெருங்குகின்றது. மாரிக்குச் சற்று முன்னே தட்டாரத் தும்பிகள் கூட்டங்கூட்டமாகத் தோட்டத்தின்மேல் மிதக்கத் தொடங்கும். இவ்வினத் தும்பிகள் இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாக இந்து சமுத்திரத்தைக் கடந்து ஆபிரிக்கா வரை செல்வன என்று சார்ள்ஸ் அண்டர்சன் என்னும் உயிரியலாளர் 2009இல் எழுதினார். முதல் மழையோடு சிவந்த தம்பலப்பூச்சிகளும் மணலில் ஊரும். எட்டுக் கால் உடையனவாதலால் அவை பூச்சியினமல்ல என்று சொன்னால் சிறுவர்கள் நம்பமாட்டார்கள், ஆகவே கால்களை எண்ணவைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். சென்ற கிழமை ஊருக்குப் போனபோது, அந்தப் பையன் எருக்கலங் குச்சிகளை நட்ட நான்கு போத்தல்களை வீட்டு விறாந்தையிலே வரிசையாக வைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு வரியன் குடம்பி. தலைக்குப் பின்னாலே வெண்புள்ளி ஏதும் உண்டா என்று, தகப்பனாரின் கைத்தொலைபேசிக்கு முன்னே பூதக்கண்ணாடியைப் பிடித்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"மூண்டிலே ஒண்டும் இல்ல சேர். ஒண்டிலே மட்டும் இருக்கு. அதையும் வைச்சுப் பார்ப்பம்" என்றான்.